யாருக்குப் பட்ட கடன்?

திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டையை அடுத்த பழவங்காடியில், கோயில் நடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஓர் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். தேங்காய் உடையும் ஓசை அது. பேருந்துக்கு விரைபவர், கடை திறக்கச் செல்லும் வணிகர், தேர்வெழுதப் போகும் மாணவி, வேலைக்கான நேர்காணலுக்கு வந்த இளைஞர் எனப் பலரும் கணபதியின் முன் ஒரு கணம் நின்று, ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நகர்கின்றனர். சிலர் வேண்டிக்கொள்வதற்காக உடைக்கின்றனர். வேறு சிலர், வேண்டியது கிடைத்துவிட்டதே என்பதற்காக உடைக்கின்றனர். இவ்விரண்டாம் வகையினர் செய்வதைத் தமிழர் ‘நேர்த்திக்கடன்’ என்பர்.

அச்சொல்லின் பிற்பாதி சிந்திக்கத்தக்கது. வாங்கியதால் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய செயலும் கடன். காலைக்கடன், ஈமக்கடன், நேர்த்திக்கடன் என்று வழங்கும்போது இவ்விரு பொருளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே நிற்கின்றன. அப்பர் பெருமான் பணி செய்வதைத் தம் கடன் என்று கூறியபோதும் அச்சொல் இரு பொருளையும் ஏந்தியே வந்தது. ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவரும் இதே வேரில் பிறந்த ‘கடப்பாடு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, கைம்மாறு கருதாத மழையைச் சான்றுக்கு அழைக்கிறார்.

முன்பின் அறியாத ஒருவருக்கு மனிதன் ஏன் உதவுகிறான்? இரக்கத்தால் என்பது பொதுவான விடை. கடமை உணர்வால் என்பது சற்றே கண்டிப்பான விடை. ஏதோ ஓர் ஆதாயத்திற்காக என்பது ஐயப்படுவோர் கூறும் விடை. கிறிஸ்தவத் தொண்டைப் பற்றி நம் நாட்டில் பேச்செழும்போது இம்மூன்றாவது விடை விரைந்து முன்வருவதை அன்பர்கள் அறிவர். ஏழையின் புண்ணுக்கு மருந்திடுவது மதம் மாற்றத்தானே என்று கேட்பவர் இருக்கின்றனர். அக்கேள்வியைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. ஆயினும் அதற்கு விடை காணுமுன், அத்தொண்டைச் செய்த மனிதர் ஒருவரைச் சற்று அருகில் சென்று காண்பது முறை.

அதற்குப் பழவங்காடியிலிருந்தே ஒரு வழி போகிறது. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்தபோது, அங்கே காவல் புரிந்த நாயர் படைவீரர்கள் வழிபட்ட விக்கிரகமே, தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையுடன் சேர்ந்து பழவங்காடிக்கு வந்தது என்பது செவிவழிச் செய்தி. இன்றும் இக்கோயில் இந்திய இராணுவத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. அப்படை வந்த வழியே எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டர் அளவு சென்றால் தக்கலையும் பத்மநாபபுரமும் வரும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் நெய்யூர். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை, திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்ட ஊர் அது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் 1838-இல் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கினார். இந்தியாவின் பழமையான மிஷன் மருத்துவமனைகளுள் ஒன்று அவ்வாறு உருவாயிற்று. தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் அங்கே வந்து சேர்ந்தது அதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

மூன்று இடங்கள்

சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். காலணி உற்பத்தி செய்யும் வளமான குடும்பம். கேம்பிரிட்ஜில் படிப்பு, லண்டனில் மருத்துவப் பயிற்சி. மலையேறுவதிலும் ஓவியத்திலும் இசையிலும் தேர்ச்சி. இத்தனை பேறுகளும் வாய்த்த ஒருவர் கொஞ்சம் தானதருமம் செய்து நிறைவடைந்திருக்கலாம். அவ்வாறு நிறைவடைய முடியாதபடி அவரை மூன்று இடங்கள் தடுத்தன.

முதல் இடம் பிரான்சின் சோம் போர்க்களம். 1916 ஜூலை 1 அன்று, ஒரே நாளில், பிரிட்டிஷ் படையில் 57,000-க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். காயமுற்றோரைக் கொண்டுவந்து சேர்த்த கூடாரங்களில் ஒன்றில் பணியாற்றிய நான்கு அறுவை மருத்துவர்களுள் சாமர்வெல் ஒருவர். கூடாரத்திற்கு வெளியே, வெட்டவெளியில், நூற்றுக்கணக்கானோர் தூக்குப்படுக்கைகளில் முறைக்காகக் காத்துக் கிடந்தனர். அவர்களுள் பலருக்கு அம்முறை வரப்போவதில்லை என்பது மருத்துவருக்கும் தெரியும், கிடந்தவருக்கும் தெரியும். அறுவைகளுக்கிடையே கிடைத்த சிறு இடைவெளியில் அவர் அவர்களிடையே சென்று அமர்ந்து பேசினார். ‘எனக்கு முதலில் பாருங்கள்’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாகும் தறுவாயில் கிடந்தவர்கள் தம் முறையைப் பக்கத்தில் கிடந்தவருக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. போரை எதிர்ப்பவராக அவர் மாறியதும் அங்கேதான்.

இரண்டாவது இடம் எவரெஸ்ட். 1922-ஆம் ஆண்டுப் பயணத்தின் இறுதி முயற்சியாக, ஜூன் 7 அன்று, மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் பதினான்கு சுமைதூக்குவோரும் வடக்குக் கணவாய்ச் சரிவில் ஏறினர். புதுப்பனி பெய்திருந்தது. பனிச்சரிவு ஒன்பது சுமைதூக்குவோரை இழுத்துச் சென்றது. இருவர் மீட்கப்பட்டனர், எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. தப்பித்தோமே என்ற நிம்மதி சாமர்வெல்லுக்கு வரவில்லை. எஞ்சியிருந்த ஷெர்ப்பாக்களுக்கு ‘இவ்விழப்பில் எங்களுக்கும் பங்குண்டு’ என்று உணர்த்துவதற்காகவேனும் தாம் அப்பனியில் பிணமாகக் கிடந்திருக்கலாகாதா என்று எண்ணியதாகப் பின்னாளில் அவர் எழுதினார். எவரெஸ்டைப் பற்றிப் பேசுவோர் நாவில் மல்லோரியின் பெயர் எளிதாக வருகிறது. அந்த எழுவர் பெயர் அரிதாகவே வருகிறது.

மூன்றாவது இடம் நெய்யூர். அதே 1922-இல், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் அங்கே வந்தார். நோயாளிகளின் நீண்ட வரிசை நின்றது. தகுதி பெற்ற அறுவை மருத்துவராக ஸ்டீபன் பியூ என்னும் ஒருவர் மட்டும் அவ்வரிசையுடன் போராடிக்கொண்டிருந்தார். சாமர்வெல் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உதவத் தொடங்கினார். லண்டனில் அவருக்காகக் காத்திருந்த உயர்ந்த மருத்துவப் பதவியை அவர் ஏற்கவில்லை.

சோம் வெளியில் காத்துக் கிடந்த வரிசையும், நெய்யூரில் காத்து நின்ற வரிசையும் அவர் உள்ளத்தில் ஒன்றாயினவா? அதை அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் 1924-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி, அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அவருடைய சொற்களைவிடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கயிறு போதாத இடம்

இரண்டாம் முறை எவரெஸ்டுக்குச் சென்றபோது, அதே வடக்குக் கணவாயில், ஏறத்தாழ 23,000 அடி உயரத்தில், நான்கு சுமைதூக்குவோர் கீழே இறங்க இயலாமல் சிக்கிக்கொண்டனர். புதுப்பனி, கொடுங்குளிர், இரண்டாண்டுகளுக்கு முன் எழுவரை விழுங்கிய அதே மலைச்சரிவு. மே 24 அன்று நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் மேலே ஏறினர். அவ்வேற்றம் தங்கள் வலிமையைத் தின்றுவிடும், உச்சியை எட்டும் வாய்ப்பைக் குறைத்துவிடும் என்பதை மூவரும் அறிந்திருந்தனர். சாமர்வெல்லுக்கு ஏற்கெனவே தொண்டை புண்ணாகியிருந்தது.

கடைசிச் சரிவு மிக ஆபத்தானது. மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்திருக்க, சாமர்வெல் குறுக்காகச் சென்றார். சிக்கியிருந்தவர்களை நெருங்குவதற்குச் சில கஜ தூரம் இருக்கும்போதே கயிறு தீர்ந்துவிட்டது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கயிறில்லாத அந்தச் சில கஜங்களை அவர்கள் தாமாகவே கடந்து வரவேண்டும். இருவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். எஞ்சிய இருவரும் ஒருசேரக் கால் வைத்ததும் பனி பெயர்ந்தது. வழுக்கிச் சென்றவர்கள் பெரும்பள்ளத்துக்கு முன் எப்படியோ நின்றனர். அசையாமல் இருக்குமாறு அவர்களிடம் சொல்லிவிட்டு, சாமர்வெல் தம் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைச் சரிவில் ஆழமாக ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றினார். கயிற்றின் நுனியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, உடலை இயன்ற மட்டும் நீட்டி, மறு கையால் அவர்களை ஒவ்வொருவராகப் பிடரியைப் பற்றி இழுத்தார். நால்வரும் உயிருடன் இறங்கினர்.

பதினொரு நாட்கள் கழித்து, ஜூன் 4 அன்று, உச்சியை நோக்கி நார்ட்டனுடன் சென்ற சாமர்வெல் 28,000 அடியை நெருங்கியபோது மூச்சுவிட இயலாமல் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் 28,126 அடிவரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லின் தொண்டை முழுவதும் அடைத்துக்கொண்டது. குளிரால் செத்துப்போன தொண்டைச் சவ்வு பெயர்ந்து வந்து வெளியேறிய பிறகே அவர் பிழைத்தார். அப்பயணம் முடிந்ததும் அவர் சென்றது நெய்யூருக்கு. 1949 வரை அங்கேதான் இருந்தார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. தத்துவ மாணவர்கள் இதை ஆசிரியரிடம் கேட்காமல் விடமாட்டார்கள். 1922-இல் மாண்டவர்கள் எழுவர், 1924-இல் மீட்கப்பட்டவர்கள் வேறு நால்வர். நெய்யூரில் குடற்புண்ணுக்கும், வெற்றிலையும் புகையிலையும் மென்று வந்த வாய்ப்புற்றுக்கும் சிகிச்சை பெற்றவர்களோ பனியையே கண்டிராத திருவிதாங்கூர்க் குடியானவர்கள். ஒருவருக்குப் பட்ட கடனை மற்றொருவருக்குக் கொடுத்தால் அது அடையுமா? வங்கியில் அடையாது. அறவாழ்வில்?

நம் முன்னோர் இதைப் பற்றி வெகு காலத்துக்கு முன்பே எண்ணியிருக்கிறார்கள். மனிதன் பிறக்கும்போதே கடன்களுடன் பிறக்கிறான் என்பது வேத மரபு. ரிஷிகளுக்குப் பட்ட கடன் எவ்வாறு தீர்கிறது? ரிஷிகள் இன்று இல்லை. அவர்கள் தந்த அறிவைக் கற்று, அடுத்துவரும் மாணவனுக்குக் கற்பிப்பதால் தீர்கிறது. முன்னோருக்குப் பட்ட கடன் பிள்ளைகளை வளர்ப்பதால் தீர்கிறது. வாங்கியது ஒரு கையிலிருந்து, கொடுப்பது வேறொரு கைக்கு. பின்னோக்கித் திருப்ப முடியாத கடனை முன்னோக்கிச் செலுத்தலாம் என்பதே ருணம் என்ற கருத்தின் உயிர்நாடி.

இயேசு கூறிய நல்ல சமாரியன் கதையிலும் இக்கடன் வருகிறது. பெரும்பாலான பிரசங்கங்கள் அதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் கள்வரால் தாக்கப்பட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிப் போயினர், தாழ்வாகக் கருதப்பட்ட சமாரியன் நின்றான் என்பதுவரை எல்லாரும் சொல்வர். அதன்பின் நடந்தது என்ன? சமாரியன் அவனைச் சத்திரத்தில் சேர்க்கிறான், சத்திரக்காரனிடம் இரண்டு நாணயங்களைக் கொடுக்கிறான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறான். முகமறியாத ஒருவனுக்காக அவன் தன்னைக் கடனாளியாக்கிக்கொள்கிறான். எவ்வளவு என்று தெரியாத தொகைக்கு முன்கூட்டியே பொறுப்பேற்கிறான். அந்த இரண்டு நாணயங்களோடு நின்றிருந்தால் அது தர்மம். மிச்சத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டபோதுதான் அது தொண்டாகிறது.

இரக்கத்தை மட்டும் நம்பித் தொண்டு செய்வதில் உள்ள இடர்ப்பாடு இதனால் விளங்கும். இரக்கம் ஒரு மனநிலை, களைத்துப்போகக் கூடியது. வரிசையில் நிற்கும் முதல் பத்துப் பேரிடம் பொங்கும் இரக்கம் நூறாவது ஆளிடம் எரிச்சலாக மாறுவதை எந்த மருத்துவமனையிலும் காணலாம். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் இதைக் கண்டறிந்து, இரக்கம் வற்றிய பின்னும் கடமைக்காகவே உதவுகிறவனின் செயலில்தான் அறத்தின் மதிப்பு ஒளிர்கிறது என்றார். கூர்மையான கருத்துதான். ஆனால் கடமை என்ற சொல்லில் முகம் இல்லை. விதிக்குப் பணிபவன் நோயாளியைப் பார்க்காமலேகூடத் தன் கடமையைச் செய்து முடித்துவிடலாம். கடன் அவ்வாறன்று. கொடுக்கவேண்டியவன் ஒருவன், பெறவேண்டியவன் ஒருவன் என்று அது இருவரை நேருக்கு நேர் நிறுத்துகிறது. களைத்துவிட்டேன் என்பதால் அது தள்ளுபடி ஆவதுமில்லை.

நிபந்தனையும் நம்பிக்கையும்

இனி, மதமாற்றம் பற்றிய கேள்வி. சாமர்வெல் ஒரு மிஷனரி. அவர் தம் சமயப்பற்றை மறைத்தவரல்லர். நெய்யூர் மருத்துவமனையை நடத்திய சங்கம் தன் சமயத்தைப் பரப்புவதற்காகவே வந்தது. இதை மூடி மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கே செய்யும் அவமதிப்பு.

இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்குள்ளேயே உரத்து எழுந்தது என்பதைப் பலர் அறியார். 1932-இல் அமெரிக்கத் திருச்சபைகள் சிலவற்றின் பொதுநிலையினர் அமைத்த ஆய்வுக்குழு, இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளின் மிஷன் பணிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குழுவின் தலைவர் ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் வில்லியம் எர்னஸ்ட் ஹாக்கிங். மருத்துவமும் கல்வியும் தம்மளவிலேயே நன்மையானவை, அவற்றை நேரடிச் சமயப் பிரசாரத்தின் பொறுப்பிலிருந்து விடுவிக்கவேண்டும் என்பது அவ்வறிக்கையின் முக்கியமான பரிந்துரை. எதிர்ப்பும் கடுமையாக வந்தது. 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இவ்விவாதம் பெரிதும் சூடுபிடித்தது. மகாத்மா காந்தியும், தொண்டு தொண்டாகவே இருக்கவேண்டும், அதன் பின்னால் மதம் மாற்றும் எண்ணம் ஒளிந்திருக்கலாகாது என்று மிஷனரிகளிடம் பலமுறை வாதிட்டார்.

இங்கே நம்பிக்கை வேறு, நிபந்தனை வேறு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். தனக்கு அரிய பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது என்று நம்புபவன், அது பிறருக்கும் கிடைக்கவேண்டும் என்று விரும்புவது இயற்கை. கீதையைப் படித்து இன்புற்றவர் அண்டை வீட்டாருக்கும் அதைப் படிக்கக் கொடுப்பதில்லையா? குற்றம் அவ்விருப்பத்தில் இல்லை. ‘இதை ஏற்றால்தான் மருந்து’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. வாயால் சொல்லாமல், படுக்கை ஒதுக்குவதிலும் பார்வையிலும் காட்டப்படும் நிபந்தனை அதைவிடக் கொடியது. கடன் என்ற கருத்து இங்கே ஓர் உரைகல்லாகப் பயன்படுகிறது. கடனைத் தீர்க்க வந்தவன், பெறுகிறவனிடம் நிபந்தனை பேசமாட்டான். பேசினால் அவன் கடனாளியல்லன், வியாபாரி. கிறிஸ்தவத் தொண்டர் எவரையும் இவ்வுரைகல்லில் உரைக்கலாம். அதே உரைகல் மற்றவர்களுக்கும் பொது.

மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப்பிரவேசப் பிரகடனம் வரும்வரை, திருவிதாங்கூரில் கோயிலுக்குள் கால்வைக்க முடியாத மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தனர். தென்திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அதற்கு ஓர் அரசாணை வந்தது, அதுவும் அரைகுறையாக. அத்தகைய மக்களை முதன்முதலில் தயங்காமல் தொட்ட கை ஓர் அயல்நாட்டு மருத்துவரின் கையாக இருந்தபோது, அந்தக் கைக்குப் பின்னால் இருந்த சமயம் எது என்று அவர்கள் விசாரித்தது இயல்பே. அதற்காக வெட்கப்படவேண்டியவர் தொட்டவரல்லர்.

பெறுபவரின் பக்கம்

தொண்டைப் பற்றிய பேச்சில் பெறுபவரின் மனம் அதிகம் பேசப்படுவதில்லை. உதவி பெற்றவர் தலை குனிகிறார். நன்றி என்பது நல்ல குணம்தான், ஆனால் அது எளிதில் விலங்காக மாறிவிடும். ‘நாம் அவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள்’ என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்குமானால், அக்குடும்பத்தின் நோய் தீர்ந்திருக்கலாம், நிமிர்வு வரவில்லை. கொடுப்பவன் தன்னையே கடனாளி என்று உணர்ந்துவிட்டால் பெறுபவனின் தோளிலிருந்து அச்சுமை இறங்கிவிடுகிறது. சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் ஆற்றிய கர்மயோகச் சொற்பொழிவுகளில், உலகம் நமக்குக் கடன்பட்டதாக எண்ணாமல் நாமே உலகுக்குக் கடன்பட்டவர்கள் என்று எண்ணுமாறு அறிவுறுத்தியதன் உட்பொருளும் இதுவே.

இதற்கு வேலூரில் ஒரு சான்று உண்டு. சாமர்வெல் 1949-க்குப் பின் 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆறுதல் சொல்லப் பலர் வந்தனர். டாக்டர் பால் பிராண்ட் வேறொன்றைச் சொன்னார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் அந்த அறுவைகளைச் செய்தார். பின்னர் அக்கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கி நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உதவி தேவைப்பட்டவரிடம் உதவி கேட்பதைவிட உயர்ந்த மரியாதை இல்லை என்பதை டாக்டர் பிராண்ட் அறிந்திருந்தார் போலும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் நம் நினைவில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நெய்யூரை அடுத்த குளச்சல் முதல் நாகப்பட்டினம் வரை கரையோர மக்களை வாரிக்கொண்டு போன பின், நாடெங்கிலுமிருந்து உதவிகள் குவிந்தன. அவற்றுள் பெருந்தொண்டும் இருந்தது. கூடவே, லாரி லாரியாகப் பழந்துணிகளும் வந்தன. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் அவை யாரும் தொடாமல் குவிந்து கிடந்தன. வீட்டை இழந்த மீனவக் குடும்பங்கள் அவற்றை உடுத்த மறுத்தன. நன்றி கெட்டவர்கள் என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. கடனைத் திருப்பச் செல்பவர் எவரேனும் கிழிந்த நோட்டுகளைப் பொறுக்கி எடுத்துச் செல்வாரா? வீட்டில் வேண்டாததைக் கழித்துவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயரிட்டதை அம்மக்கள் கண்டுகொண்டனர், அவ்வளவுதான். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்குமளவுக்கு உபயதாரரின் பெயரை எழுதிவைக்கும் நம் வழக்கமும் இந்தப் பழந்துணிக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

கடன் என்ற கருத்துக்கு ஓர் எதிர்வாதம் இருக்கிறது. வளமாகப் பிறந்தவன், பிறர் உயிர் கொடுத்ததால் பிழைத்தவன், அவன் கடனாளி என்பது சரி. உலகம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறதோ அவர்களே முன்வந்து தொண்டு செய்யும்போது என்ன சொல்வது?

பழவங்காடியிலிருந்து கடற்கரை சில கிலோமீட்டர்தான். பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கரையூர்களில் வாழ்பவர்களுள் பெரும்பாலோர் இலத்தீன் கத்தோலிக்க மீனவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் அவ்வூர்களிலும் குமரிக் கரையிலும் ஏராளமானோரைக் கொண்டு சென்றது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை, தேடலும் தாமதமாயிற்று என்ற ஆறாத மனக்குறை அக்கரையில் இருந்தது. ஒன்பது மாதங்கூட நிறையவில்லை. 2018 ஆகஸ்டில் பெருமழை கேரளத்தின் உள்நாட்டை மூழ்கடித்தது. செங்ஙன்னூர், ஆறன்முளை, குட்டநாடு ஆகிய இடங்களில் மாடிகளிலும் கூரைகளிலும் மக்கள் நின்று கூக்குரலிட்டனர். பங்கு ஆலயங்களிலிருந்து அழைப்பு எழுந்தது. இம்மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டனர். கேரளக் கரையின் பிற பகுதிகளிலிருந்து முஸ்லிம் மீனவரும் இந்து மீனவரும் வந்தனர். அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள். அவர்கள் மீட்டவர்களின் எண்ணிக்கை பல்லாயிரம்.

அவர்கள் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தனர்? கணக்குப் பார்த்தால் நாடுதான் அவர்களுக்குக் கடன்பட்டிருந்தது. எனினும் கடலில் தொழில் செய்பவரின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். நடுக்கடலில் படகு கவிழ்ந்தால் அங்கே காவல் நிலையம் இல்லை, மருத்துவமனை இல்லை. அடுத்த படகுதான் எல்லாம். அது வந்தால் உயிர், வராவிட்டால் இல்லை. கவிழ்ந்தவன் யார், எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டுத் திரும்பும் வழக்கம் கடலில் கிடையாது. அக்கரையில் பிறந்த எவரும், தாமோ தந்தையோ பாட்டனோ என்றோ ஒருநாள் பெயர் தெரியாத ஒரு படகால் கரை சேர்க்கப்பட்டதால்தான் இன்று இருக்கிறார்கள். உலகம் அவர்களுக்குப் பாக்கி வைத்திருந்த கணக்கை அவர்கள் எடுத்துப் பார்க்கவில்லை. தாங்கள் பாக்கி வைத்திருந்த கணக்குதான் அவர்கள் நினைவில் இருந்தது.

செங்ஙன்னூர்த் தெருக்களில் ஓடியது கடல்நீரன்று. நீருக்கடியில் மதிற்சுவர்களும் இரும்புக் கதவுகளும் மின்கம்பங்களும் மறைந்திருந்தன. பல படகுகளின் அடிப்பகுதி பெயர்ந்தது, இயந்திரங்கள் பழுதாயின. வெள்ளம் வடிந்தபின், படகொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருள் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. பழுதான படகைச் சரிசெய்து தருவதை ஏற்கிறோம், மனிதரைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம் என்று கூறியவர்கள் அம்மீனவர்களிடையே இருந்தனர்.